கோலக்குழி

செங்குளிப்பட்டிப் பெரிய கண்மாய் ஒரு மார்கழிக் காலையில் கரைக்குக் கரை ஐஸாக உறைந்து கிடந்ததை முதலில் பார்த்தது பஞ்சவர்ணம்தான். பார்த்தது என்றுகூடச் சொல்ல முடியாது, பார்க்க அவளுக்கு எங்கே நேரம். படித்துறையில் குந்தி, அடிப்பிடித்த சோத்துச் சட்டியைத் தண்ணீருக்குள் அமுக்கினாள், அது ணங்கென்று மோதித் திரும்பி வந்தது, 'இது வேறயா' என்று சலித்துக்கொண்டு ஒரு படி தள்ளி அமுக்கினாள், அங்கேயும் ணங்கென்றது, அப்புறம்தான் நிமிர்ந்தாள். கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்களெல்லாம் இடுப்புவரை வெள்ளையில் புதைந்து நிற்க, கொக்குகள் ஒற்றைக்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தன. பஞ்சவர்ணத்துக்கு ஆச்சரியமாக இல்லை, எரிச்சலாக இருந்தது. இத்தனை பாத்திரத்தையும் இனி அடிபம்புக்குத் தூக்க வேண்டும்.

காரணம் என்ன என்று ஊரில் ரொம்ப நாள் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அய்யனாருக்குப் புழுக்கம் தாங்கவில்லை என்று கோயில் பூசாரி வேளார் சொன்னார். வானிலையில் ஏதோ கோளாறு என்று பள்ளிக்கூடத்து சார் சொன்னார். ரெண்டும் சரியாகத்தான் இருக்கும் என்று ஊர் ரெண்டையும் ஒத்துக்கொண்டது. கரையில் வழக்கம்போல வெயில் காய்ந்தது, செம்மண் சுட்டது, ஒரு எட்டு உள்ளே வைத்தால் உள்ளங்கால் விறைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மினி பஸ் கண்மாயைச் சுற்றாமல் குறுக்கே போக ஆரம்பித்தது. கரண்டு போனால் மாவுச் சட்டியைக் கொண்டுவந்து ஐஸில் வைத்தார்கள், யார் சட்டி எது என்று தகராறும் வந்தது. கரைமேல் நின்ற அய்யனாரின் மண்குதிரைக்கு யாரோ புண்ணியவான் ஒரு மப்ளரைச் சுற்றிவிட்டுப் போனான், வேளாரும் அதை அவிழ்க்கவில்லை. ஒரு வாரத்துக்குள் இந்த ஊருக்கு ஐஸ் இல்லாத கண்மாய் ஒன்று இருந்ததா என்பதே மறந்துபோகிற மாதிரி ஆகிவிட்டது.

மீன்தான் விட்டுப்போன சங்கதி. செங்குளிப்பட்டியில் மீன் பிடிப்பது என்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள்: தண்ணி வற்றி முழங்காலளவுக்கு வந்ததும், ஊர்த்தலைவர் சேவுகப்பெருமாள் அம்பலம் கரைமேல் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீசுவார், வீசினதும் சுத்துப்பட்டு ஜனம் அத்தனையும் மூங்கில் கூடையான ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு ஓவென்று கத்திக்கொண்டு உள்ளே பாயும், பெண்கள் கரையில் நின்று குலவை போடுவார்கள், சேறும் மீனும் சத்தமும் ஒன்றாய்க் கலக்கும், அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. துண்டு வீசாமல் ஒருவன் தனியாகப் போய் மீனைத் தொட்டால் கண்மாய் அடுத்த வருஷம் பெருகாது. உறைந்த கண்மாய்க்கு இந்தச் சட்டம் உண்டா கிடையாதா என்று யாருக்கும் தெரியவில்லை, அம்பலத்துக்கும் தெரியவில்லை, தெரியாததை வெளியே காட்டிக்கொள்ள முடியாமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் இங்கும் அங்கும் நடந்தார்.

வழி காட்டியது பஞ்சவர்ணத்தின் கொழுந்தன் ராசாங்கம். கனடாவில் லாரி ஓட்டுகிறவன். வீடியோவில் வந்து கண்மாயைப் பார்த்ததும் குதித்தான். "அண்ணே, இங்க குளிர்காலம் வந்தா இதான் பொழுதுபோக்கே. நாலு விரக்கடை கனம் இருந்தா ஆள் ஏறலாம், ஒரு சாண் இருந்தா வண்டியே ஏத்தலாம். ஒரு குழியைப் போடுங்க, ஒரு முக்காலியைப் போடுங்க, கையளவு குச்சியில நூலைக் கட்டி முள்ளுல புழுவக் கோத்து விடுங்க. அப்புறம் உக்கார வேண்டியதுதான்."

"உக்காந்து?" என்றான் அண்ணன் மாயழகு, பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரன்.

"உக்காந்து ஒண்ணுமில்ல. சும்மா உக்காந்திருக்கணும்."

சோறு போட்டுக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்தின் கை அகப்பையோடு அப்படியே நின்றது. "சும்மான்னா?" என்று எட்டிக் கேட்டாள்.

"சும்மான்னா சும்மாதான் மதினி. எதுவும் செய்யக் கூடாது."

அப்படியும் ஒரு பிழைப்பு உலகத்தில் இருக்கிறதா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டுக்கு அவள் மூத்த மருமகள். விடிந்ததிலிருந்து அவள் பெயரை ஆளாளுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். மாமியார் அடைக்கி வெத்திலைப் பெட்டிக்குக் கூப்பிடுவாள், மாமனார் செருமலே ஒரு கூப்பாடுதான், பிள்ளைகள் சீப்புக்கும் பேனாவுக்கும் கூப்பிடுவார்கள், மாயழகு தோளில் கிடக்கிற துண்டையே எங்கே என்று கேட்டுக் கூப்பிடுவான். கெட்டவன் இல்லை, வாய்தான் பெரிசு, கண் சின்னது. 'இந்தா வர்றேன்' என்பதைத் தவிர அவளாக ஒரு பேச்சுப் பேசி எத்தனையோ காலம் ஆயிற்று.

மறுநாள் ஆண்கள் கடப்பாரையோடு இறங்கினார்கள். ஓங்கிப் போட்டால் கடப்பாரை துள்ளுகிறது, கை மரத்துப்போகிறது, ஐஸில் ஒரு சுண்டு விரல் இறங்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு பஞ்சவர்ணம் படித்துறைக்கு வந்தாள். மார்கழி பாருங்கள், எந்த இடத்தில் உட்காருவதானாலும் முன்னால் ஒரு கோலத்தைப் போடாமல் உட்கார அவளுக்கு மனசு வராது. போன பொங்கல் கோலப் போட்டிக்குக் கலர் கலந்து மிச்சம் வைத்த உப்பு ஒரு டப்பா இருந்தது, அதை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்திரம் கழுவுகிற படிக்கு நேரே ஐஸ்மேல் ஒரு தாமரையைப் போட்டு, மீதி உப்பையெல்லாம் நடுவில் குவித்துவிட்டு வந்தாள். காலையில் போய்ப் பார்த்தால் தாமரை கம்பி கம்பியாக ஐஸுக்குள் இறங்கியிருக்கிறது, நடுவில் உப்பைக் குவித்த இடத்தில் ஒரு குடம் போகிற அகலத்துக்குக் குழி விழுந்து, உள்ளே கறுப்பாய்த் தண்ணீர் தளும்புகிறது. கையை விட்டு அளந்தாள். ஒரு சாணுக்கு மேலேயே இருந்தது.

சேதி பரவினதும் ஊர் என்ன செய்யும்? பழக்கம் எங்கே போகும்? அத்தனை பேரும் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்குள் பாய்ந்தார்கள். அந்த ஒரு குழியைச் சுற்றி நின்று, எட்டிப் பார்க்க இடமில்லாமல் இடித்துத் தள்ளி, வழக்கம்போல ஓவென்று கத்தினார்கள். ஆண்கள் கத்தினதற்கு ஐஸ் லேசாகத்தான் முனகியது, பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள் பாருங்கள், டபார் என்று ஒரு வெடிப்பு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடியது. கூடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், அம்பலத்தின் வெள்ளைத் துண்டு ஒரு பக்கம். எல்லாரும் கரையேறி மூச்சு வாங்கியபோது மாயழகின் கையிலிருந்த போனுக்குள் ராசாங்கம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். "யோவ், இது கத்திப் பிடிக்கிற மீன் இல்லய்யா! தனித்தனியா உக்காரணும். வாயைத் தொறக்கவே கூடாது."

வாயைத் திறக்காமல் மீன் பிடிப்பதா, அதுவும் ஆளுக்கொரு மூலையிலா, இது என்ன எழவு வீடா என்று ஊர் முணுமுணுத்தது. ஆனாலும் மறுநாள் வெடிப்பு தானாக மூடியிருந்தது, தூண்டிலுக்குத் துண்டு வீச வேண்டாம் என்று அம்பலமும் சொல்லிவிட்டார், ஆசை யாரை விட்டது, வீட்டுக்கு வீடு பெண்கள் உப்புக் கோலம் போட்டுக் குழி இறக்கினார்கள். மயில் கோலத்தில் ஒரு குழி, சங்குக் கோலத்தில் ஒரு குழி, சிக்குக் கோலத்தில் ஒரு குழி. கோலக்குழி என்று பேரும் ஆயிற்று. குழி போட்டது பெண்கள், உட்கார்ந்தது ஆண்கள். உட்கார்ந்தவர்கள் இந்தக் குழிக்கும் அந்தக் குழிக்கும் ஊர் நியாயம் பேசினார்கள், பீடி பற்ற வைக்க எழுந்து போனார்கள், ஒரு கெண்டைக் குஞ்சுகூடச் சிக்கவில்லை. அலுத்துப்போய் ஒவ்வொருவராய் டீக்கடைக்குத் திரும்பினார்கள். சேவுகப்பெருமாள் அம்பலம் மட்டும் விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தார்.

அவர் நூலில் ஒரு நாள் நல்ல விரால் ஒன்று மாட்டி, பாதித் தூரம் ஏறியும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர் வீட்டிலிருந்து யாரோ கரையில் நின்று, "ஐயா, சாப்பிட வாங்க!" என்று கத்த, அவர் திரும்ப, விரால் போச்சு. அம்பலத்துக்கு வந்ததே கோபம். அன்றைக்கே ஊரைக் கூட்டினார். குழிக்கு முன்னால் உட்கார்ந்தவர்களை இனி எவரும் எதற்காகவும் கூப்பிடக் கூடாது, இது அய்யனார் மேல் ஆணை, மீறினால் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கணும் என்று கட்டுப்பாடு போட்டார். தனக்காகத்தான் போட்டார், பாவம். கூட்டத்துக்கு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் நேரே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அடுப்படி வேலையை முடித்த கையோடு, வேப்பங்குச்சி ஒன்றில் தையல் நூலைக் கட்டி, கொண்டை ஊசியை வளைத்து முள்ளாக்கி, மாவு உருண்டை நாலு உருட்டிக்கொண்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் தன் தாமரைக்குழிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். முதலில் கைக்கு வேலை இல்லாமல் தவிப்பாகத்தான் இருந்தது; முந்தானையை நீவினாள், ஐஸில் கிடந்த சருகுகளைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினாள், பொறுக்க ஒன்றும் இல்லாமல் போனதும் பயந்துகூடப் போனாள். கரையில் அடைக்கி வந்து நின்றாள். "ஏத்தா பஞ்..." என்று ஆரம்பித்தவளின் கையை வேளார் பிடித்துக்கொண்டார். "அய்யனார் ஆணை, ஆத்தா." அடைக்கி வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனாள். பஞ்சவர்ணம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முடிந்தது அவளுக்கே அதிசயமாக இருந்தது. உலகத்தில் அவள் கண்ட அதிசயம் அது ஒன்றுதான்.

அப்புறம் மெல்ல மெல்ல அவளுக்குக் கண் தெரிய ஆரம்பித்தது. ஐஸுக்குக் கீழே வெளிச்சம் பச்சையாக இறங்கி, கருவேல வேர்களுக்கு நடுவே படுத்துக் கிடந்தது. கெளுத்திகள் மீசையை ஆட்டிக்கொண்டு ஒன்றையொன்று முந்தாமல் போயின. தாமரைத் தண்டுகள் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, அப்புறம் மறுபக்கமாய்ச் சாய்ந்தன. எங்கோ அடியில் கண்மாய் ம்ம்ம் என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது, அது தன் மூச்சா கண்மாயின் மூச்சா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு விரால் வந்து மாவைத் தின்றுவிட்டு முள்ளை விட்டுவிட்டுப் போயிற்று. போனால் போகட்டும் என்று இன்னொரு உருண்டையை வைத்தாள். என்றைக்கோ செத்துப்போன ஒரு சினேகிதியின் முகம் ஞாபகம் வந்தது, அழுதாள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை, கேட்காதது எவ்வளவு நன்றாக இருந்தது! பொழுது சாயும்போது முக்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்தவளுக்கு, நாளைக்கும் இது வேண்டும், இது இல்லாமல் இனி முடியாது என்று பட்டது.

அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி வந்தாள், அவளைப் பார்த்து மேலத்தெரு வந்தது, தை பிறக்கும் முன்னே ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் மத்தியானமானால் ஆளுக்கொரு கோலக்குழிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியோடு ஒருத்தி பேசுவதில்லை. பிடித்த மீனைப் பாதிப் பேர் திரும்பக் குழியிலேயே விட்டார்கள். வீடுகளில் ஆண்கள் தொட்டிலை ஆட்டினார்கள், தாங்களே சுடுதண்ணி வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள், டீக்கடையில் வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு துவையல் அரைப்பது எப்படி என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள். அம்பலம் தான் போட்ட கட்டுப்பாட்டைத் தானே பார்த்துத் தாடையைச் சொறிந்தார்.

எல்லாம் நல்லாத்தான் போயிற்று, நெல்லை மட்டும் யாரும் நினைக்கவில்லை. கதிர் வெளியே தள்ளி, பால் பிடிக்கிற நேரம். கடைசித் தண்ணி பாய்ந்தே ஆகவேண்டும், மடையைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை, கண்மாய் நிறைய ஐஸ் கிடந்து என்ன செய்ய? வயல் வெடிக்கத் தொடங்கியது. லாரி லாரியாக உப்பைக் கொட்டுவோம் என்றான் ஒருத்தன். உப்புத் தண்ணி பாஞ்சா பயிரோடு மண்ணும் போயிரும்டா மடையா என்று மாயழகு அவனை அடிக்கப் போனான். கத்தினால் வெடிக்கும் என்பதுதான் எல்லாருக்கும் தெரியுமே, ஆண்கள் அத்தனை பேரும் கரையில் வரிசையாக நின்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்திப் பார்த்தார்கள். ஐஸ் லேசாக முனகியதோடு சரி. குலவை வேண்டும். வீட்டில் கேட்டால் ஒவ்வொருத்தியும், "பஞ்சவர்ணத்தைக் கேளுங்க, அவ போட்டா போடுறோம்" என்றாள். பஞ்சவர்ணத்தைக் கேட்டால் 'பாப்போம்' என்றாள். விடிந்ததும் முக்காலியோடு போய் உட்கார்ந்துகொண்டாள், இப்போதெல்லாம் மத்தியானம்வரை காத்திருப்பதுகூட இல்லை. உட்கார்ந்தவளைக் கூப்பிட முடியாது. அம்பலம் முதல் வேளார் வரை கரையில் கைகட்டி நின்றார்கள். போட்ட ஆணையை எடுக்க அம்பலத்துக்கும் துணிச்சல் இல்லை.

கடைசியில் மாயழகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாக இறங்கினான். அவளுக்கு ஒரு கை தூரத்தில் ஐஸ்மேல் குந்தினான். கூப்பிடவில்லை. குளிர் உள்ளங்காலிலிருந்து ஏறிப் பல் கிட்டியது, பக்கம் மாறி மாறிக் குந்தினான், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவள் சும்மா உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை. அவள் வலது புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு இருந்தது, அது எப்போது வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து அவளே கேட்டாள். "என்ன?"

"நான் கூப்பிட வரலை."

"பின்ன?"

"கதிரு காயுது, பஞ்சு. பாலு சுண்டிப் பதராப் போயிரும்போல இருக்கு."

"தெரியும். நான் குனிஞ்சு நட்ட நாத்துதான அது?" அவள் நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குச்சியை மடியில் சாய்த்துக்கொண்டு கேட்டாள். "இது உருகிருச்சுன்னா நான் எங்கங்க போயி உக்கார?"

வீட்ல இடமா இல்ல என்று சொல்லத்தான் மாயழகு வாயெடுத்தான். சொல்வதற்கு முன்னால் மனசுக்குள் வீட்டைச் சுற்றி வந்தான். கூடத்தில் டீவியும் அப்பாவும், நிலைப்படியில் அம்மாவும் வெத்திலைப் பெட்டியும், கட்டில் அவனுடையது, கொல்லையில் மாடு, அடுப்படியில் அவள் நிற்கத்தான் இடம் உண்டு. எல்லா அறையையும் பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தான். அவள் உட்கார அந்த வீட்டில் ஒரு முக்காலி அளவுக்கு இடம் இல்லை. தான் கட்டின வீடு என்று அவனுக்கு இருந்த பெருமையெல்லாம் அங்கேயே அற்றுப்போயிற்று.

"தெரியலை, பஞ்சு" என்றான்.

பொய் சொல்லியிருந்தால் அவள் எழுந்திருக்க மாட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டி, விழுந்த இடத்தில் ஐஸில் சின்னச் சின்னக் குழியாக இறங்கியது. நீரில்லாமல், பாதிப் பாலோடு வெயிலில் நிற்கிற கதிர்களை நினைத்தாள். அதுகளும் யாரையும் கூப்பிடத் தெரியாமல் நிற்கிற ஜென்மங்கள்தானே என்று மனசு பொறுக்கவில்லை. நூலைச் சுற்றினாள், கொண்டை ஊசியைத் தலையில் செருகிக்கொண்டாள், கரையேறினாள். குழிகளுக்கு முன்னால் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக அவள் பின்னால் ஏறிவந்தார்கள். பஞ்சவர்ணம் கண்மாயை ஒரு தரம் பார்த்தாள். வாய்க்குக் குறுக்கே கையை வைத்து, அடிவயிற்றிலிருந்து ஒரு குலவை போட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லி மாளாது. அத்தனை பெண்களும் சேர்ந்து போட்ட குலவையில் கண்மாய் கலகலவென்று உடைந்து, மயிலும் சங்கும் சிக்குக் கோலமும் தனித்தனித் துண்டாகச் சுழன்று மிதந்து, மதியத்துக்குள் கரைந்து, மடையில் தண்ணீர் ஐஸ் துணுக்குகளோடு சலசலத்துக்கொண்டு வயலுக்குப் பாய்ந்தது. வெடித்த மண் உறிஞ்சிய சத்தம் மேட்டுத்தெருவரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். குளிரில் மயங்கி மேலே வந்த மீன்களைப் பார்த்துவிட்டு அம்பலம், இதுதான் சமயம் என்று காலம் நேரம் பார்க்காமல் துண்டை வீசினார். எல்லா வீட்டிலும் மீன் குழம்பு கொதித்தது. பஞ்சவர்ணத்துக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து பழையபடி ஆயிற்று. விட்ட நாளுக்கும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். பஞ்சவர்ணம், பஞ்சவர்ணம், ஏத்தா, இந்தா, மதினி, அம்மா. இந்தா வர்றேன், இந்தா வர்றேன் என்று அவளும் ஓடினாள். கண்மாய்ப் பக்கம் தண்ணிக்குப் போகிற பெண்கள் தண்ணீரைப் பார்க்காமல் மொண்டுகொண்டு வந்தார்கள். கதிர் முற்றித் தலை சாய்ந்தது, ஊர் சந்தோஷமாக இருந்தது, அவள் முக்காலி மட்டும் கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது.

அப்புறம் ஒரு நாள், சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த நேரம், அவள் வாசலுக்கு வந்து தண்ணீர் தெளித்தாள். உச்சி வெயிலில் எவளாவது கோலம் போடுவாளா? போட்டாள். தாமரைதான், பச்சரிசி மாவில். நடுவில் ஒன்றும் போடாமல் வட்டமாக வெறும் மண்ணை விட்டாள். முக்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, வேப்பங்குச்சியை நீட்டி, நூலை அந்த வெறும் மண்மேல் தொங்கவிட்டாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர் வீட்டுக்காரி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏத்தா பஞ்சவர்ணம்!" என்று அடைக்கி கூப்பிட்டாள். பஞ்சவர்ணத்தின் உடம்பு தன்னால் எழுந்திருக்கப் பார்த்தது. தொடையைக் கையால் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "ஏத்தா, காது கேக்கலையா?" என்று இரண்டாம் தடவையும் கூப்பாடு வந்தது. அவள் நூலையே பார்த்தாள்.

உள்ளேயிருந்து மாயழகு வெளியே வந்தான். கோலத்தைப் பார்த்தான், நூலைப் பார்த்தான், வெறும் மண்ணைப் பார்த்தான்.

"கூப்பிடாத ஆத்தா" என்றான். "அவ குழியில உக்காந்திருக்கா."

சொல்லிவிட்டு, கோலத்தை மிதிக்காமல் ஓரமாகத் திரும்பி உள்ளே அடுப்படிக்குப் போனான். ராத்திரிக்கு ரசம் வைக்க வேண்டும். புளியைத் தேடினான் போல. ஒரு டப்பா திறந்து மூடுகிற சத்தம் கேட்டது, இன்னொரு டப்பா, பரணில் ஏதோ உருண்டது, பெருமூச்சு ஒன்று வந்தது, மறுபடியும் முதல் டப்பா. எதிர் வீட்டுக்காரி தன் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். புளி எங்கே இருக்கிறது என்று பஞ்சவர்ணத்துக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.